மூடி எங்கே?

'கன்சீல்டு' என்ற வார்த்தைக்கு இப்போது என்ன மவுசு! வயர் தெரியக்கூடாது, பைப் தெரியக்கூடாது. தெரிந்தால் அது பழைய வீடாம். நான் கேட்பது ஒன்றுதான். மறைத்து வைத்தது கெட்டுப்போனால் எந்த வழியாகத் தொடுவது?

என் அப்பா கொத்தனார். எங்கள் வீட்டில் டிராயிங் போர்டைத் தொட்ட முதல் ஆள் நான். போன லீவில் அவரோடு ஒரு மாடி வீட்டு வேலைக்குப் போனேன். பாத்ரூமுக்கு நேர் கீழே ஹால் சீலிங்கில் ஈரம். பாத்ரூம் தளத்தைத் தாழ்த்தி, பைப் போட்டு, செங்கல் ஜல்லியால் நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். 'சன்கன் ஸ்லாப்' என்று நாம் படிக்கிறோமே, அதேதான். எந்த ஜாயின்ட் எங்கே என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. நாலாவது இடத்தைக் கொத்தும்போதுதான் கசிவு அகப்பட்டது. "ஒரு மூடி விட்டிருந்தா அரை மணி நேர வேலைடா" என்றார் அப்பா. அதே டைல்ஸ் கடையில் கிடைக்காமல் வீட்டம்மா அழாத குறை.

சரி, பாத்ரூம் டைல்ஸோடு போகும். எர்த் பிட்? நம்ம ஊர் வானம் பார்த்த பூமி. உப்பும் கரியும் போட்டுப் புதைத்தாலும், கோடையில் மண் காய்ந்தால் எர்த் ரெசிஸ்டன்ஸ் ஏறிவிடும். தண்ணீர் ஊற்ற வேண்டும், அளந்து பார்க்க வேண்டும். அதற்காகத்தான் ஐ.எஸ். 3043-ல் சிறு தொட்டியும் இரும்பு மூடியுமாகப் படமே போட்டிருக்கிறார்கள். ஆனால் முற்றத்தில் கல் பாவும்போது அந்த மூடிக்கு மேலேயே பாவிவிட்டுப் போகிறவர்கள் உண்டு!

மின்னல் விழுந்து பட்டாசு ஆலை வெடித்த செய்தி சிவகாசிப் பக்கம் நமக்குப் புதுசா? இடிதாங்கியின் பட்டை தரைக்குள் சேரும் இடத்தைத் திறந்து பார்க்க முடியாவிட்டால், அது நன்றாக இருக்கிறதென்று யார் சொல்வது? என் சித்தி பட்டாசு ஷெட்டுக்குத்தான் போகிறார். வானம் கறுத்தால் எங்கள் பாட்டி வாசலிலேயே நிற்பார்.

பாரிஸில் 1977-ல் திறந்த பாம்பிடு சென்டரில் காற்றுக்கு நீலம், தண்ணீருக்குப் பச்சை, கரண்டுக்கு மஞ்சள் என்று பெயின்ட் அடித்துக் குழாயையெல்லாம் வெளியே விட்டிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் வேண்டாம். பெரிய கம்ப்யூட்டர் ஹால்களில் இரண்டடிக்கு இரண்டடி பலகையாகத் தரையையே தூக்கி எடுக்கலாம். வீட்டுக்கு அதுகூட வேண்டாம், ஜாயின்ட் வரும் இடத்தில் ஒரு மூடி போதும். "பார்க்க அசிங்கமா இருக்குமே" என்பார்கள். மூடியின் குழிக்குள் அதே டைல்ஸை ஒட்டினால் யாருக்குத் தெரியும்?

நாம் போடும் எஸ்டிமேட்டில் இதற்கு ஒரு வரி எழுதுவோமே! அப்பா இப்போது டைல்ஸ் ஒட்டுமுன் பைப் பக்கத்தில் டேப்பை விரித்து வைத்து, என்னைக் கூப்பிட்டு செல்போனில் படம் எடுக்கச் சொல்கிறார்.