சுவான்சௌவின் இரண்டு விண்ணப்பங்கள்

சித்திரை பிறந்தால் போதும், ஒரு கல்லின் படம் கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கிவிடும். சீனாவின் தென்கிழக்குக் கரையில் உள்ள சுவான்சௌ நகரில் 1956இல் வெளிப்பட்ட தமிழ்க் கல்வெட்டு அது. சக ஆண்டு 1203, அதாவது கி.பி. 1281, சித்திரை மாதம் சித்திரை நாளில், சம்பந்தப் பெருமாள் என்கிற தவச்சக்கரவர்த்திகள், செகசைக் கானின் திருமேனி நலமாக இருக்க வேண்டி அங்கே சிவபெருமானை எழுந்தருளச் செய்தார் என்று கல் சொல்கிறது. கானின் ஆணை பெற்றே செய்ததாகவும் சொல்கிறது. கடைசி வரி சீன எழுத்தில். அப்போது அந்த நகரை ஆண்ட கான், செங்கிஸ் கானின் பேரன் குப்ளாய். படத்தோடு வரும் வாசகம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: உலகை நடுங்கவைத்த மங்கோலியனும் நம் சிவனின் அருளைத்தான் நாடினான்.

அந்தக் கல்லின் மேல் எனக்கும் பிரியம் உண்டு. சுவான்சௌவின் கையுவான் பௌத்தக் கோயிலில், பின்புறத் தூண்களில் கண்ணனும் நரசிம்மரும் இன்றும் இருக்கிறார்கள். இடிந்துபோன ஒரு தமிழ்க் கோயிலின் கற்கள் அவை. அவற்றின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், பருவக்காற்றை நம்பி அவ்வளவு தூரம் போனவர்களை நினைத்து நெஞ்சு நிறைகிறது. ஆனாலும் அந்த வாசகத்தை நான் யாருக்கும் அனுப்புவதில்லை.

தூத்துக்குடித் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இறங்கும் சரக்கை எண்ணிக் குறிப்பது வேலை. கப்பல்காரர் கொடுக்கும் பட்டியல் ஒன்று, கரையில் நாங்கள் குறித்த பட்டியல் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் கையெழுத்துப் போட மாட்டோம். சுவான்சௌ கல்லுக்கும் இன்னொரு பட்டியல் இருக்கிறது. அதை நம் பத்திரிகைகளில் நான் கண்டதில்லை.

குப்ளாய் நிறுவிய யுவான் வம்சத்தின் அதிகாரபூர்வ வரலாற்றில் அது ஒரு சிறு பதிவு. அதே 1281, நம் கல் நடப்படுவதற்கு ஓரிரு மாதம் முன்பு. அந்த வட்டாரத்தின் உயர் அதிகாரியான பூ ஷௌகெங், குப்ளாய் கானுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்புகிறார். 200 கடற்கப்பல்கள் கட்டும்படி ஆணை வந்தது. இதுவரை 50 முடிந்திருக்கின்றன. மக்கள் பெரும் துன்பத்தில் இருக்கிறார்கள். இவ்வளவுதான் விஷயம். வேலையை நிறுத்தும்படி கான் பதில் ஆணை அனுப்பினார்.

பூ ஷௌகெங் யார் என்று தெரிந்துகொண்டால் இந்தப் பதிவின் கனம் கூடும். கடல் கடந்து வந்து சீனாவில் குடியேறிய முஸ்லிம் வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர். மங்கோலியருக்கு முன் அங்கே ஆண்ட சோங் அரசுக்காக சுவான்சௌவின் கடல் வாணிபத்தைக் கண்காணித்தவர். சொந்தமாகவும் ஏராளமான கப்பல்கள் வைத்திருந்தவர். 1276இல் சோங் தலைநகரமான இன்றைய ஹாங்சௌ மங்கோலியரிடம் சரணடைந்தது. தப்பி ஓடிய சிறுவயது அரசரோடு சோங் படை தெற்கே வந்தது. அதன் தளபதி பூ ஷௌகெங்கின் கப்பல்களையும் சரக்கையும் பறித்துக்கொண்டார். பூ ஷௌகெங் ஆத்திரத்தில் நகரில் வாழ்ந்த சோங் அரச குடும்பத்தினரைக் கொன்று குவித்துவிட்டு மங்கோலியர் பக்கம் சாய்ந்தார். இரக்கத்துக்குப் பேர்போன மனிதர் அல்ல. அப்படிப்பட்டவரே ஜனங்களால் தாங்க முடியவில்லை என்று எழுத வேண்டியிருந்தது என்றால், அந்த மாசி பங்குனியில் சுவான்சௌவின் கப்பல் பட்டறைகள் எப்படி இருந்திருக்கும்? மனம் இளகிச் சொன்னாரோ, கணக்குப் பார்த்துச் சொன்னாரோ, சொன்னது பதிவாகியிருக்கிறது.

அந்தக் கப்பல்கள் ஜப்பான் மேல் படையெடுக்க. 1274இல் ஒருமுறை போய்த் திரும்பியிருந்தார்கள். அந்தப் போருக்கே கொரியாவில் 30,000க்கும் மேற்பட்ட தச்சர்களையும் கூலிகளையும் பிடித்து, சில மாதங்களில் 900 கலங்களைக் கட்டச் செய்தார்கள். 1281இல் ஏற்பாடு இன்னும் பெரியது. கொரியாவிலிருந்து 900 கலங்களும் 40,000 பேரும். தென்சீனாவிலிருந்து 3,500 கலங்களும் ஒரு லட்சம் பேரும் என்று பழைய பதிவுகள் சொல்கின்றன. தெற்கிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் சரணடைந்த சோங் வீரர்கள். தங்கள் நாட்டை விழுங்கிய அரசனுக்காக முன்பின் அறியாத நாட்டோடு போரிடப் போனார்கள். ஆகஸ்டில் புயல் அடித்தது. கியூஷு தீவை ஒட்டிய தகஷிமாவில் கலங்கள் நொறுங்கின. தளபதி ஃபான் வென்ஹூ நல்ல கப்பல்களாகப் பார்த்து ஏறிப் போய்விட்டார். படை தீவிலேயே கைவிடப்பட்டது. ஜப்பானியர் வந்து மங்கோலியரையும் கொரியரையும் வடசீனரையும் வெட்டினார்கள், தென்சீனரை அடிமைகளாக்கினார்கள். அந்த ஒரு லட்சத்தில் மூன்று பேர் மட்டும் திரும்பினார்கள் என்று யுவான் வரலாறு எழுதுகிறது. எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் தகஷிமாக் கடலடியில் அந்தக் கலங்களின் பலகைகளும் நங்கூரங்களும் இன்றும் கிடைக்கின்றன. 2011இல் அடிமரத்தோடு ஒரு கலமே கண்டெடுக்கப்பட்டது.

சித்திரையில் கானின் உடம்புக்காக வேண்டுதல். ஆவணியில் இது. நடுவில் நான்கே மாதம்.

குப்ளாய் வெறும் கொலைகாரன் என்று நான் சொல்லவில்லை. 1215இல் பிறந்து 1294இல் இறந்த அந்த மனிதருக்குள் பலர் இருந்தார்கள். அண்ணன் மோங்கே 1259இல் சிச்சுவான் முற்றுகையில் இறந்ததும், தம்பி அரிக் போக்கோடு நாலு ஆண்டு சண்டையிட்டு அரியணையை எடுத்துக்கொண்டவர். 1271இல் தன் அரசுக்கு யுவான் என்று சீனப் பெயர் சூட்டியவர். பௌத்தரையும் கிறிஸ்தவரையும் முஸ்லிமையும் சைவரையும் ஒரே துறைமுகத்தில் கோயில் கட்டிக்கொள்ள விட்டவர். அவருடைய வானியலாளர் குவோ ஷௌஜிங் கணித்துக் கொடுத்த நாட்காட்டியும் இதே 1281இல்தான் வழக்கத்துக்கு வந்தது. ஆண்டின் நீளம் 365.2425 நாள் என்று அது கொண்டது. 1582இல் ஐரோப்பாவில் வந்த நாட்காட்டியிலும் அதே எண். தெற்கின் நெல்லை இன்றைய பெய்ஜிங்வரை கொண்டுபோன பெருங்கால்வாயின் கடைசித் துண்டையும் குவோ ஷௌஜிங்தான் வெட்டிக் கொடுத்தார். இவையெல்லாம் நிலைத்த காரியங்கள்.

எனக்கு உடன்பாடில்லாதது இப்போது பரவும் ஒரு பேச்சு. மங்கோலியர்தான் உலக வாணிபத்தைத் திறந்துவிட்டார்கள், குப்ளாய்தான் முதல் தாராள வணிகர் என்று மேடைகளில் சொல்கிறார்கள். வரி கட்டிச் சரக்கு எடுப்பதைப் பார்த்தே வாழ்ந்த எனக்கு இதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. மார்க்கோ போலோ சுவான்சௌவை ஜைத்தூன் என்கிற பெயரில் வியந்து எழுதியவர். அலெக்சாந்திரியாவுக்கு ஒரு மிளகுக் கப்பல் போனால் இங்கே நூறு வருகிறது என்றவர். கணக்கையும் அவரே தருகிறார்: கானுக்குப் பத்தில் ஒன்று, மிளகுக்குக் கப்பல் கூலி 44 விழுக்காடு. சரக்கில் பாதி கரையேறும் முன்பே போய்விடும். அப்படியும் லாபம் மிஞ்சியதால் வணிகர்கள் வந்தார்கள். 1284இல் அரசு இன்னொரு விதி போட்டது. கப்பலும் முதலும் அரசு தரும். வணிகர் போய் வாணிபம் செய்து வர வேண்டும். லாபத்தில் 7 பங்கு அரசுக்கு, 3 பங்கு அவருக்கு. சொந்த முதலில் கடல் வாணிபம் செய்யத் தடை. இதைத் திறந்த சந்தை என்று எப்படிச் சொல்வது?

கடலுக்கு இந்தப் பக்கமும் கான் கை நீட்டினார். அவருடைய தூதர் யாங் டிங்பி 1281 தொடக்கத்தில் சுவான்சௌவிலிருந்து கொல்லத்துக்குக் கிளம்பினார். காற்று கைகொடுக்காமல் பாண்டிய நாட்டுக் கரையில் இறங்க வேண்டியதாயிற்று. மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்ட காலம். அரபுக் குதிரைகளும் முத்தும் கைமாறிய காயல் பட்டணம் செழித்திருந்த காலம். கான் கேட்டது அடிபணிதலும் காணிக்கையும். ஆனால் இங்கே அவருடைய போர்க்கப்பல் வரவில்லை. தூதர்கள் வந்தார்கள், தூதர்கள் போனார்கள், வாணிபம் நடந்தது. நாம் தப்பித்த இடத்தில் மற்றவர்கள் தப்பவில்லை. இன்றைய வியட்நாமில் இருந்த சம்பா தேசமும் தாய் வியத் அரசும் திரும்பத் திரும்பப் படையெடுப்பைச் சந்தித்தன. 1288இல் பாக் டாங் ஆற்றில் மங்கோலியக் கப்பல் படை அழிந்தது. 1292இல் இதே சுவான்சௌவிலிருந்து 20,000 பேருடன் ஆயிரம் கலங்கள் ஜாவாவுக்குப் போய்த் தோற்றுத் திரும்பின. தென்சீனாவின் உள்ளேயே 1283இல் 200க்கும் மேற்பட்ட இடங்களில் கலகம் மூண்டிருந்ததாக அரசுப் பதிவே சொல்கிறது. குடிகளை நால்வகையாகப் பிரித்த அந்த ஆட்சியில், கடைசி வரிசையில் வைக்கப்பட்டவர்கள் அந்தத் தென்சீனர்கள்தான்.

சம்பந்தப் பெருமாள் மேல் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. அந்நிய ஊரில் கோயில் எழுப்ப அரசனின் அனுமதி வேண்டும். அனுமதி தந்த அரசனுக்காக வேண்டிக்கொள்வது முறை. எந்தக் காலத்து வணிகரும் அதைச் செய்திருப்பார். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே கப்பல் பட்டறைகள் இருந்திருக்கும். அங்கே நடந்தது அவர் காதிலும் விழுந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அவர் எடுத்த முடிவுக்கு அவருடைய நெருக்கடி காரணமாக இருந்தது. எழுநூற்றைம்பது ஆண்டுகள் தள்ளி நிற்கும் நமக்கு அந்த நெருக்கடி இல்லை. ஆனாலும் அவருடைய பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு கானைக் கொண்டாடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம். சோழர் படை கடாரம் போனதை எழுதும்போதும் இதே பழக்கம் நம்மிடம் உண்டு; கடாரத்துக்காரர் வீட்டில் அன்று என்ன நடந்தது என்று நாம் கேட்பதே இல்லை.

சுவான்சௌ கல்வெட்டைப் பள்ளிப் பாடத்தில் விரிவாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்பவர்களோடு நானும் நிற்கிறேன். சேர்க்கும் பக்கத்திலேயே பூ ஷௌகெங்கின் விண்ணப்பத்தையும் போடுங்கள். இரண்டும் ஒரே ஆண்டு, ஒரே ஊர், ஒரே அரசன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியும். அந்த 50 கப்பல்களைக் கட்டியவர்கள் யார், அவர்களுக்குக் கூலி கொடுத்தார்களா என்று அது கேட்கும். ஆசிரியர் கையில் பதில் இருக்காது. இருவரும் சேர்ந்து தேடட்டும்.