கண்ணாடியை மாற்றினால் மட்டும் போதுமா?



சென்ற ஆண்டு சென்னையிலிருந்து திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். உளுந்தூர்பேட்டையைத் தாண்டியதும் முன்னால் சென்ற ஜல்லி லாரியிலிருந்து ஒரு கல் தெறித்து எங்கள் காரின் முன்கண்ணாடியில் பட்டது. கடுகளவாக இருந்த அந்தத் தடம், ஊர் வந்து சேர்வதற்குள் ஒரு முழ நீள விரிசலாகிவிட்டது. இரண்டு நாள் கழித்து ஒரு கடையில் புதிய கண்ணாடி பொருத்தினோம். "மீட்டரில் எந்த விளக்கும் எரியவில்லை, வண்டி சரியாக இருக்கிறது" என்றார் கடைக்காரர். நானும் மறுகேள்வி கேட்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம், உம்ராவை நிறைவேற்றித் திரும்பிய என் தாயாரை அழைத்து வர என் மச்சான் அந்தக் காரை எடுத்துக்கொண்டு சென்னை விமான நிலையத்துக்குச் சென்றார். திரும்பும் வழியில், மேல்மருவத்தூருக்கு அருகே இரவு நேரத்தில் ஒரு லாரியைக் கடக்கும்போது, ஸ்டீயரிங் தானாகவே லாரியின் பக்கம் இழுத்தது. அவர் இரு கைகளாலும் உறுதியாகப் பிடித்திருந்ததால் காரில் இருந்த ஐந்து உயிர்களும் தப்பின. அல்ஹம்துலில்லாஹ். பின்னர் பணிமனையில் சோதித்தபோதுதான் காரணம் தெரிந்தது. கண்ணாடியை மாற்றியவர்கள், அதன் பின்னால் இருந்த கேமராவின் பார்வையைச் சரிபார்க்கவே இல்லை.

2021-ல் மஹிந்திரா எக்ஸ்யூவி 700 வந்ததிலிருந்து, அடாஸ் எனப்படும் ஓட்டுநர் உதவி வசதிகள் நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் கார்களுக்கும் வந்துவிட்டன. ஹூண்டாய் வெர்னா, கியா செல்டோஸ், ஹோண்டா எலிவேட் போன்ற கார்களின் உயர்வகைகளில் இவை உள்ளன. உள்கண்ணாடிக்குப் பின்னால், முன்கண்ணாடியை ஒட்டி அமர்ந்திருக்கும் சிறிய கேமராதான் இவற்றின் கண். சாலைக் கோடுகளையும், முன்னே செல்லும் வாகனங்களையும், குறுக்கே வரும் மனிதரையும் அது பார்க்கிறது. அது கண்டதை வைத்தே கார் எச்சரிக்கிறது. தேவைப்பட்டால் தானே பிரேக் பிடிக்கிறது, ஸ்டீயரிங்கைத் திருப்புகிறது.

கண்ணாடியை மாற்றும்போது இந்தக் கேமராவைக் கழற்றி, புதிய கண்ணாடியில் உள்ள பிடிப்பானில் பொருத்துகிறார்கள். கண்ணாடியின் வளைவிலோ பிடிப்பானின் அமர்விலோ ஏற்படும் சிறிய மாறுபாடு கூடக் கேமராவின் பார்வையைத் திருப்பிவிடும். கேமரா ஒரே ஒரு பாகை பக்கவாட்டில் திரும்பினால், 100 மீட்டர் தொலைவில் அதன் பார்வை ஏறத்தாழ 1.75 மீட்டர் விலகிவிடும். நம் நெடுஞ்சாலையில் ஒரு தடத்தின் அகலம் 3.5 மீட்டர். அதாவது, பாதித் தடம் பிசகிவிடுகிறது. பக்கத்துத் தடத்தில் செல்லும் லாரியைத் தன் தடத்தில் செல்வதாகக் கார் எண்ணக்கூடும்; எதிரே நிற்பதை இல்லையென்றும் எண்ணக்கூடும்.

இந்தப் பிசகைத் திருத்துவதே காலிப்ரேஷன். சில கார்களுக்கு அதைப் பணிமனைக்குள் செய்கிறார்கள்: சமமான தரையில் காரை நிறுத்தி, டயர் காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, குறித்த தொலைவிலும் உயரத்திலும் ஒரு குறிப்பலகையை வைத்து, ஸ்கேனர் கருவி மூலம் கேமராவுக்கு நேர்க்கோட்டைக் கற்பிக்கிறார்கள். சில கார்களைக் கோடுகள் தெளிவாக உள்ள சாலையில் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டிச் சீர்செய்கிறார்கள். சிலவற்றுக்கு இரண்டுமே தேவை. எது தேவை என்பதைத் தயாரிப்பாளரின் கையேடுதான் சொல்லும். கடைக்காரரின் அனுமானம் அல்ல. பிசகு சிறிதாக இருந்தால், தான் பிசகியிருப்பதே கேமராவுக்குத் தெரியாமல் போகலாம். ஆகவே எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பது எல்லாம் சரியாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது.

நம் ஊர் மளிகைக் கடைத் தராசுக்குத் தொழிலாளர் துறையினர் முத்திரை இடுவதை அனைவரும் அறிவோம். முத்திரை இல்லாத தராசில் வியாபாரம் செய்வது சட்டப்படி குற்றம். அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரைக் கண்டிக்க அல்குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. நூறு கிராம் பருப்புக்கே இவ்வளவு பேணுதல் வேண்டுமென்றால், உயிரைக் காக்க வேண்டிய அளவுகோல் பிசகியிருப்பதை நாம் எப்படிச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம்? மேலே உலர்ந்த தானியமும் அடியில் நனைந்த தானியமுமாக விற்ற வியாபாரியை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி நாம் அறிந்ததே. பளபளக்கும் புதிய கண்ணாடிக்குப் பின்னால் பிசகிய கேமராவை வைத்து, ஒன்றும் சொல்லாமல் சாவியைத் தருவது அதிலிருந்து எவ்வகையில் வேறுபட்டது?

சிறிய கடைகள் எல்லாவற்றிலும் இதற்கான கருவி இருக்காது. அது குற்றமல்ல. "காலிப்ரேஷன் செய்யப்படவில்லை, வேறிடத்தில் செய்துகொள்ளவும்" என்று பில்லில் எழுதித் தருவதற்கு எந்தச் செலவும் இல்லை. மறைப்பதுதான் குற்றம். நம் சமுதாயத்தில் வாகனத் தொழிலில் இருக்கும் சகோதரர்கள் இந்த ஒரு வரியை எழுதத் தொடங்கினாலே பெரும் நன்மை விளையும்.

"நம் சாலைகளில் கோடே இல்லை, நான் அந்த வசதியை அணைத்தே வைத்திருக்கிறேன்" என்பார் சிலர். அணைத்து வைத்தவருக்காவது அது இயங்காது என்று தெரியும். ஆனால் பல கார்களில் தானியங்கி பிரேக் ஒவ்வொரு முறை காரைக் கிளப்பும்போதும் தானே விழித்துக்கொள்ளும். மேலும், வீட்டில் ஒரு கார் இருந்தால் அதை ஓட்டுபவர் ஒருவர் அல்லர். மகன் ஓட்டுகிறான், மனைவி ஓட்டுகிறார், மச்சான் இரவல் வாங்குகிறார். அவர்கள் அந்த உதவி இருக்கிறது என்று நம்பியே ஓட்டுகிறார்கள். இல்லாத துணையை இருப்பதாக நம்புவது, துணையே இல்லாமல் செல்வதைவிட ஆபத்தானது.

எனவே கண்ணாடி மாற்ற நேரும்போது சிலவற்றைக் கவனியுங்கள். விரிசல் சிறியதாகவும் கேமராவின் பார்வைக்கு அப்பாலும் இருந்தால், ரெசின் நிரப்பியே சரிசெய்ய முடியுமா என்று முதலில் கேளுங்கள். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், உங்கள் காரின் கேமராவுக்கு ஏற்ற கண்ணாடிதானா என்று உறுதி செய்யுங்கள். காலிப்ரேஷன் கட்டணத்தைக் காப்பீட்டுக்கு அனுப்பும் மதிப்பீட்டிலேயே தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் தேதியிட்ட அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். காரை விற்கும் நாளில் வாங்குபவரிடம் அதைக் காட்டுங்கள். செய்து முடிக்கும்வரை அந்த வசதிகளை அணைத்துவிட்டு, காரை ஓட்டும் எல்லோருக்கும் அதைச் சொல்லுங்கள்.

அன்று கடைக்காரர் சொல்லவில்லை என்பது உண்மை. நான் கேட்கவில்லை என்பதும் உண்மை. என் காரில் ஏறிய தாயும் பிள்ளைகளும் என்னிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பற்றிய கேள்விக்கு, கடைக்காரரைக் கைகாட்டி நான் தப்பிவிட முடியாது.

பயணங்களில் நம் அனைவரையும், நம்மால் பிறரையும், அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.