வேலையும் வேண்டும், கணக்கும் வேண்டும்

எங்கம்மா ஒரு நகராட்சியில காண்ட்ராக்ட்ல குப்பை அள்ளுது. மாசம் என்ன சம்பளம்னு கேட்டா, கைக்கு வர்றதைத்தான் சொல்லும். மொத்தம் எவ்வளவு, பி.எஃப்.னு பிடிச்சது எவ்வளவு, லீவுக்குக் கழிச்சது எவ்வளவு? தெரியாது. ஒருநாள் கேட்டுடுச்சு. சூப்பர்வைசர் சொன்ன பதில்: "உனக்கு வேலை வேணுமா, கணக்கு வேணுமா?" கூடவே ஒரு மிரட்டல்: "பக்கத்துல இருக்கிறவகிட்ட சம்பளத்தைப் பத்திப் பேசாத."

அதே நகராட்சியின் ஆணையர் சம்பளம் ரகசியமா? இல்லை. ஒவ்வொரு அதிகாரியும் ஊழியரும் வாங்கும் மாத ஊதியத்தை, யாரும் கேட்காமலே அரசு அலுவலகம் வெளியிட வேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 4ஆவது பிரிவு. நாற்காலியில் உட்கார்ந்தவர் சம்பளம் ஊருக்கே தெரியலாம். சாக்கடை ஓரம் நிற்பவள் சம்பளம் அவளுக்கே தெரியக் கூடாது. இதை நிர்வாகக் குளறுபடி என்கிறார்கள். நான் சாதி என்கிறேன்.

அந்தச் சட்டமே கூலிக்காரர்கள் கேட்ட கணக்கில் பிறந்ததுதான். ராஜஸ்தானில் அரசு வேலை செய்தும் குறைந்தபட்சக் கூலி கிடைக்காதவர்கள், "மஸ்டர் ரோலைக் காட்டு" என்றார்கள். 1994இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் ஊர் நடுவே பதிவேடுகளை வாசித்தபோது, செத்தவன் பேரிலும் கூலி எழுதியிருந்தது வெளியே வந்தது.

நமக்கு இது புதுசா? பண்ணையில நெல்லை வாங்க ஒரு மரக்கால், கூலி அளக்க வேற மரக்கால். கூலி உயர்வு கேட்டுச் சங்கமாய் நின்றதற்காக 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் கொளுத்தினார்கள். இன்று மரக்கால் போய்க் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. அளக்கிற கை மாறவில்லை.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பு, 2019 என்ன சொல்கிறது? கூலி விகிதம், கூலி தரும் நாள், ஆய்வாளரின் பெயர், முகவரி எல்லாவற்றையும் கண்ணில் படும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும். தொழிலாளிக்குச் சம்பளச் சீட்டு தர வேண்டும். இது 50ஆவது பிரிவு. கூலி குறைந்தால் மூன்று ஆண்டுக்குள் மனு போடலாம். நாம் உறுப்பினராயுள்ள பதிவு பெற்ற சங்கமும் போடலாம். "கொடுத்துவிட்டேன்" என்று நிரூபிக்க வேண்டியவன் முதலாளி, நாமல்ல. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டம் 23ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982லேயே சொல்லிவிட்டது.

ஆனால் இந்தச் சட்டத்திலும் ஒரு ஓட்டை வைத்திருக்கிறார்கள். விவசாயத்துக்கோ வீட்டு வேலைக்கோ ஐந்து பேர் வரை வைத்திருப்பவர் சீட்டும் தர வேண்டாம், பலகையும் வைக்க வேண்டாம். வயலிலும் அடுத்த வீட்டு அடுப்படியிலும் நிற்பது யார்? நம்ம பொம்பளைங்கதானே! பதிவேட்டை ஒழுங்காக வைக்காத முதலாளிக்கு அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். காண்ட்ராக்டருக்கு அது டீச்செலவு.

1946இல் குறைந்தபட்சக் கூலி மசோதாவைச் சட்டசபைக்குக் கொண்டுவந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். அவர் படத்தை வீட்டில் மாட்டியிருக்கும் மாணவத் தோழர்களே, உங்கள் அம்மாவின் சம்பளச் சீட்டை எப்போதாவது வாசித்ததுண்டா? நானும் வாசித்ததில்லை. அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

தனியா கேட்டா வேலை போகும். எங்கம்மாவுக்கு அந்தப் பயம் இருக்கு, அது நியாயமான பயம். அதனால் சேரியில் உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு என்று ஒருவருக்கொருவர் முதலில் சொல்லிக்கொள்வோம். சக தொழிலாளியிடம் சம்பளத்தைச் சொல்வது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. பிறகு மொத்தப் பேரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடுவோம்.

சூப்பர்வைசர் மறுபடியும் கேட்கட்டும், வேலையா கணக்கா என்று. ரெண்டும்தான்டா.