சோலைவரிச் சிட்டை உறுதியாகுமா?

வீடு வளவு வாங்கப் புறப்படும் எம்மவருட் பலர், விற்பவரிடம் முதன்முதலாகக் கேட்பது, "சோலைவரி யார் பெயரில் இருக்கிறது?" என்பதாகும். விற்பவரும் மாநகர சபையின் முத்திரை பதித்த சிட்டைகளை ஆண்டுவாரியாக அடுக்கி முன்வைக்கிறார். சில வேளைகளில் சபை வழங்கிய உரித்துச் சான்றிதழொன்றும் அவற்றின் மேல் இருக்கும். கண்டவுடன் வாங்குபவர் மனம் அமைதியடைகிறது. பல்லாண்டு பாடுபட்டுச் சேர்த்த பணமும், மகளின் சீதனத்துக்கென ஒதுக்கிய பணமும் கைமாறுகின்றன. இந்த அமைதிக்குச் சட்டத்தில் எவ்வளவு இடமுண்டு என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

சுருங்கக் கூறின், வரிச் சிட்டை உறுதியாகாது. மாநகர சபை 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி இவ்வரியை அறவிடுகிறது. ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பிட்டு, அந்த வருடாந்தப் பெறுமதியில் இத்தனை வீதம் என வரி விதிக்கப்படுகிறது. வீதியும் விளக்கும் வடிகாலும் பேணுவதற்குச் சபைக்குப் பணம் வேண்டும். பணத்தை அறவிட ஒரு பெயர் வேண்டும். அதற்காகவே அவ்வேட்டில் பெயர் எழுதப்படுகிறது. காணி உண்மையில் எவருக்குரியது என்று விசாரித்துத் தீர்ப்புக் கூறும் அதிகாரம் சபைக்கு இல்லை. உரித்துச் சான்றிதழ் என்னும் பெயர் கேட்போரை மயக்கும். எனினும் வரி ஏட்டில் இன்னாருடைய பெயர் உண்டு என்பதற்கு மேல் அது எதனையும் நிலைநாட்டுவதில்லை.

அப்படியாயின் உரித்து எதனால் உண்டாகிறது? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இதனைத் தெளிவாக வகுத்துள்ளது. காணி விற்பனை எழுத்தில் இருத்தல் வேண்டும். நொத்தாரிசின் முன்னிலையிலும், ஒரே வேளையில் உடனிருக்கும் இரு சாட்சிகளின் முன்னிலையிலும் கையொப்பமிடப்படுதல் வேண்டும். இல்லையேல் அது செல்லாது. விற்பதாகக் கொடுத்த வாக்குறுதிக்கும் இதே விதிதான். வெற்றுத் தாளில் எழுதி முற்பணம் கொடுப்போர் இதனை மறத்தலாகாது.

இனி, குடும்பங்களிற் பெரிதும் நிகழும் ஒன்றைப் பார்ப்போம். பெற்றோர் இறந்தபின் ஒரு வீடு நான்கு பிள்ளைகளுக்குச் சம முதுசமாகிறது என வைத்துக்கொள்வோம். ஒருவர் கொழும்பிலும், இருவர் கடல் கடந்தும் வாழ, நான்காமவர் அவ்வீட்டிலேயே இருந்து கூரை வேய்கிறார், கிணறு இறைக்கிறார், வரியையும் தம் பெயரிற் செலுத்துகிறார். இருபது ஆண்டுகள் கழிகின்றன. பத்தாண்டு ஆண்டனுபவித்தால் காணி சொந்தமாகிவிடும் என ஊரிற் சொல்லக் கேட்ட அவர், வீடு முழுவதையும் விற்கிறார்.

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் பத்தாண்டு ஆட்சியைப் பற்றிப் பேசுவது உண்மையே. ஆனால் அந்த ஆட்சி மற்றவரின் உரிமையை மறுத்த ஆட்சியாக இருத்தல் வேண்டும். கூட்டுரிமையாளர் ஒருவரின் ஆட்சி, சட்டத்தின் கண்ணில் எல்லோருடைய ஆட்சியுமாகும். மனத்துள் மறைத்து வைத்த எண்ணத்தால் அதனை மாற்ற முடியாது. மற்றவர்களை வெளிப்படையாக விலக்கியமையோ அதற்கு நிகரான செயலோ வேண்டும் என, கொறயா எதிர் அப்புஹாமி என்னும் இலங்கை வழக்கில் 1911ஆம் ஆண்டு பிரிவிக் கவுன்சில் தீர்ப்பளித்தது. மிக நீண்ட தனியாட்சியோடு வேறு சூழ்நிலைகளும் சேரும்போது அத்தகைய விலக்கலை ஊகிக்கலாம் என 1918ஆம் ஆண்டில் எமது உயர் நீதிமன்றம் கூறியதும் உண்டு. ஆனால் அதனைத் தீர்மானிப்பது நீதிமன்றமேயன்றி வரிச் சிட்டையன்று.

ஆகவே முழு விலை கொடுத்தவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் நான்கில் ஒரு பங்கும், அதனோடு ஒரு பிரிவினை வழக்குமேயாகும். உடன்பிறந்தோர் உறவு முறிவது வேறு. வீட்டைக் காத்தவர் மனத்தாங்கலோடும், தொலைவில் இருந்தவர் ஏமாற்றப்பட்ட உணர்வோடும் நீதிமன்ற வாயிலிற் சந்திக்கின்றனர். உரிய காலத்தில் ஒரு பங்கு பிரிப்பு உறுதி எழுதியிருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது. தேசவழமைக்கு உட்பட்ட காணியாயின், கூட்டுரிமையாளருக்கு முதலில் வாங்கும் உரிமையும் உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அதனை ஒழுங்குசெய்கிறது. அவர்களுக்கு அறிவியாது வாங்குவதும் வழக்கை வரவழைப்பதாகும்.

உறுதி எழுதியதோடு காரியம் முடிவதில்லை. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, பதியப்படாத உறுதி, பின்னர் பெறுமதி கொடுத்து வாங்கி முறையாகப் பதிந்தவரின் உறுதிக்கு எதிராகச் செல்லாது போகும். அவர் மோசடியாலோ சூழ்ச்சியாலோ அதனைப் பெற்றிருந்தாலன்றி அவருக்கே முதன்மை. உறுதியைப் பெட்டகத்திற் பூட்டிவைத்தவர், காணிப் பதிவகத்தின் ஏட்டில் வேறொருவர் பெயரைக் கண்டு திகைப்பது இதனாலேயே. 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம் நடைமுறையாகியுள்ள பகுதிகளில் முறை வேறு. அங்கு பழைய உறுதியை மட்டும் நம்பாது உரித்துப் பதிவேட்டைப் பார்த்தல் வேண்டும்.

இவ்வாறு கூறுவதால் மாநகர சபைக் கடதாசிகள் பயனற்றவை என்று எவரும் கருதற்க. வரி நிலுவையிருப்பின், அதற்காக வளவிலுள்ள பொருள்களையும், இறுதியில் வளவையுமே கைப்பற்றி விற்கச் சபைக்கு அதிகாரம் உண்டு. முன்னையவரின் கடன் பின்னையவர் வாயிலில் வந்து நிற்கும். வீதி அகலிப்புக்கெனக் குறித்த கோடு வளவின் எப்பகுதியால் செல்கிறது என்பதையும் சபையிடமே அறிதல் வேண்டும். முன்விறாந்தை அக்கோட்டினுள் அகப்பட்டிருந்தால், புதிய சுவர் எழுப்ப அனுமதி கிடையாது. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் செல்லுமிடங்களில், அனுமதி பெற்ற வரைபடமும், அதற்கமையக் கட்டியதற்கான சான்றிதழும் வீட்டோடு சேர்த்துக் கேட்கப்பட வேண்டியவை.

வாங்க எண்ணுவோர் வரிசையாகச் செய்யத்தக்கவை இவை: முன்னுறுதிகளைப் பெற்று ஒரு சட்டத்தரணியிடம் காட்டுக. காணிப் பதிவக ஏடுகளைத் தேடுவித்து வில்லங்கம் உண்டோ என அறிக. சிக்கனம் கருதித் தேடுதலைத் தவிர்க்கற்க. நில அளவையாளரைக் கொண்டு எல்லைகளைச் சரிபார்க்க. வளவில் குடியிருப்போரை, அவர் எவ்வுரிமையில் இருக்கிறார் என நேரிற் கேட்க. பின்னரே சபைக்குச் சென்று நிலுவை, வீதிக்கோடு, கட்டட அனுமதி ஆகியவற்றை விசாரிக்க. உறுதி முடிந்ததும் தாமதமின்றிப் பதிவிக்க. அதன்பின் வரி ஏட்டிலும் பெயரை மாற்றுவிக்க.

வரி ஏட்டில் பெயர் மாறுவது இவ்வரிசையில் கடைசிப் படியாகும். எம்மவருட் பலர் அதனையே முதற் படியாகக் கொள்வதாற்றான் காணி வழக்குகள் தந்தையிடமிருந்து மகனுக்கு முதுசமாக இறங்குகின்றன.