எறிந்த பற்றுச்சீட்டில் இருப்பது யாருடைய புள்ளி?

யாழ்ப்பாண நகரத்துப் பல்பொருள் அங்காடி ஒன்றில் ஒரு சனிக்கிழமை மாலை. வரிசையில் எனக்கு முன்னால் இருவர் நின்றார்கள். முதலில் நின்ற முதியவர் சீனி, பருப்பு, ஒரு பால்மாப் பெட்டி, இரண்டு சவர்க்காரம் வாங்கியிருந்தார். காசாளர் பிள்ளை வழமையான கேள்வியைக் கேட்டார்.

"ஐயா, போன் நம்பர் சொல்லுங்கோ."

"அது ஏன் பிள்ளை?"

"பொயின்ற்ஸ் ஏத்திறதுக்கு."

"எனக்கு உதுகள் வேண்டாம்."

அடுத்து நின்ற பெண் உடனே முன்னுக்கு வந்து, "அப்ப என்ரை நம்பரைப் போட்டுவிடுங்கோவன் தங்கச்சி" என்றார். பிள்ளை ஒரு கணம் தயங்கினார், பிறகு போட்டார். முதியவர் மிச்சக் காசை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டு, பற்றுச்சீட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது இரண்டு கட்சிகள் உருவாகின. "வீணாப் போறதை ஒருத்தி எடுத்தால் என்ன?" என்றது ஒன்று. "மற்றவர் காசு குடுத்து வாங்கின சாமானுக்கு இவ எப்பிடிப் பங்கு கேக்கலாம்?" என்றது மற்றது. ஒரு தேநீர் குடித்து முடியும் நேரத்துக்குள் தீர்ந்துவிடும் விடயம் என்றுதான் நினைத்தேன். தீரவில்லை.

இதன் இன்னொரு வடிவம் புலம்பெயர்ந்த எங்கள் உறவுகளுக்குத் தெரிந்தது. பிரித்தானியாவில் டெஸ்கோ நிறுவனம் 1995இல் கிளப்கார்ட் என்ற அட்டையைக் கொண்டுவந்தது. அட்டையை மறந்து வந்தவர், பின்னர் பற்றுச்சீட்டைக் காட்டி விடுபட்ட புள்ளிகளைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் அங்கு உருவானது. அப்படியானால் தள்ளுவண்டியிலும் வாகனத் தரிப்பிடத்திலும் கிடக்கும் பற்றுச்சீட்டுகளைப் பொறுக்கி எடுத்து, தன்னுடையது என்று சொல்லிப் புள்ளி சேர்ப்பது சரியா என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது. இங்கு புள்ளி பெரும்பாலும் காசு கட்டும் நேரத்தில் இலக்கம் சொன்னால்தான் ஏறும். அதனால் எங்கள் ஊரில் இந்தக் கேள்வி குப்பைவாளியில் எழாமல் வரிசையில் எழுகிறது. ஒருவர் வேண்டாம் என்று விட்டதை இன்னொருவர் எடுக்கலாமா என்பதுதான் இரண்டு இடத்திலும் விடயம்.

முதலில் புள்ளி என்றால் என்னவென்று பார்க்கவேண்டும். கடை தன் கையிலிருந்து தரும் அன்பளிப்பு என்றே பலரும் எண்ணுகிறார்கள். கணக்கியல் அப்படிச் சொல்லவில்லை. இலங்கையில் நிறுவனங்கள் பின்பற்றும் எஸ்.எல்.எப்.ஆர்.எஸ் 15 என்ற நியமத்தின்படி, புள்ளியும் வாடிக்கையாளருக்கு விற்கப்பட்ட ஒரு பொருளே. உதாரணமாக, ஒருவர் 10,000 ரூபாய்க்குச் சாமான் வாங்கி 100 ரூபாய் பெறுமதியான புள்ளி பெற்றால், நிறுவனம் அந்த 10,000ஐயும் அன்றே வருமானமாக எழுத முடியாது. ஏறத்தாழ 99 ரூபாயை இன்னும் கொடுத்து முடிக்காத கடமையாக ஒதுக்கி வைக்கவேண்டும். அதாவது புள்ளிக்கான காசை வாங்குபவர் ஏற்கெனவே கட்டிவிட்டார்.

அந்த முதியவர் இலக்கம் சொல்லவில்லை. எனவே அவருடைய கொள்வனவில் எதுவும் ஒதுக்கப்பட வேண்டியதில்லை. கட்டிய காசு முழுவதும் அன்றே கடையின் வருமானம். அதே சீனியை அதே விலைக்கு வாங்கிய இருவரில் அவருக்கு மட்டும் சற்றுக் குறைவாகக் கிடைத்தது. பின்னால் நின்ற பெண் கடையிடமிருந்து திருடினார் என்று சொல்ல எனக்கு மனம் வராததற்கு இதுவே காரணம். அவர் எடுத்தது, முதியவர் காசு கட்டியும் பெறாத ஒன்றை.

சட்டத்திலும் இதற்கு நெருக்கமான ஓர் இடம் உண்டு. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, 386ஆம் பிரிவில் கண்டெடுத்த பொருளைப் பற்றிப் பேசுகிறது. உரிமையாளர் யாரென்று தெரிந்தும், அல்லது தேடினால் கண்டுபிடிக்கலாம் என்றிருந்தும் தனதாக்கிக்கொள்வதே குற்றம். தவறவிட்டதும் எறிந்துவிட்டதும் ஒன்றல்ல. எறிந்த கடதாசியை எடுப்பதில் பெரிய சிக்கல் இல்லை. "இது நான் வாங்கின சாமான்" என்று சொல்லி அதைக்கொண்டு ஒன்றைப் பெறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஏமாற்றுதலை வரையறுக்கும் 398ஆம் பிரிவு நம்பவைத்துப் பெறுவதைப் பற்றியது. லண்டனில் பற்றுச்சீட்டுப் பொறுக்குபவர் அந்தப் பொய்யைச் சொல்லியே ஆகவேண்டும். எங்கள் வரிசையில் நின்ற பெண் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார், பொய் சொல்லவில்லை.

ஆனாலும் எங்களில் பலருக்கு இது உறுத்துகிறது. அந்த உறுத்தலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1990இன் பின்னான பொருளாதாரத் தடைக் காலத்திலும், 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்ட பின்னரும், இந்தக் குடாநாடு குடும்ப அட்டையோடு சங்கக்கடை வாசலில் நின்றது. அட்டையில் எத்தனை பேர் என்பதே எத்தனை கிலோ என்பதைத் தீர்மானித்தது. கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்ட பிள்ளையின் பெயரை வெட்டாமல் வைத்திருந்த வீடுகள் இருந்தன. விதானையாருக்கும் தெரியும், அயலுக்கும் தெரியும். பசித்த வீடு அப்படிச் செய்ததை யாரும் பெரிதாகக் குற்றம் சொல்லவில்லை. வசதியான வீடு செய்தபோது ஊர் கதைத்தது. காரணம் எளிது. வந்திறங்கிய மூடைகள் எண்ணிக்கையானவை. இல்லாதவரின் பங்கை ஒருவர் எடுத்தால், வரிசையின் கடைசியில் நின்றவர் வெறுங்கையோடு போகவேண்டி வரலாம்.

2022இல் எரிபொருளுக்குக் கியூ.ஆர். முறை வந்தபோதும் இதையே பார்த்தோம். ஓடாத வாகனத்தின் கியூ.ஆரைக் காட்டி எடுத்த பெற்றோல், நாள் முழுக்கக் காத்துநின்ற இன்னொருவருக்குக் கிடைக்காமல் போன பெற்றோல்.

புள்ளி அப்படியல்ல. அந்தப் பெண்ணுக்கு ஏறிய புள்ளியால் எனக்கு ஒரு ரூபாயும் குறையவில்லை. கூப்பன் காலத்துக் கோபத்தை அப்படியே தூக்கிவந்து இதன்மேல் போடுவது பொருந்தாது என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் அந்த இடத்தில் யாருக்கும் எதுவும் நடக்கவில்லையா? நடந்தது. காசாளர் பிள்ளை தயங்கியதைச் சொன்னேன். வாடிக்கையாளர் வேண்டாம் என்ற புள்ளியை வேறொருவரின் கணக்கில் ஏற்றுவது ஊழியருக்குச் சிறிய விடயமல்ல. இந்தத் தொழிலில் வேலையே போகக்கூடிய தவறாக அது பார்க்கப்படுகிறது. மேலே கமரா இருக்கிறது. ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப ஏறினால், அது அவருடைய சொந்தக்காரரின் இலக்கமோ என்று சந்தேகம் வரும். அந்தப் பெண் கேட்டிருக்கவேண்டியது முதியவரிடம். "ஐயா, உங்களுக்கு வேண்டாமெண்டால் நான் எடுக்கட்டோ?" என்று கேட்டிருந்தால், அவர் ஓம் என்றிருப்பார் அல்லது இல்லை என்றிருப்பார். காசு கட்டியவரை விட்டுவிட்டு, மறுத்துப் பேச முடியாத இடத்தில் இருந்த பிள்ளையிடம் கேட்டதைத்தான் நான் பிழை என்பேன். கடையின் விதி இதை அனுமதிக்கிறதா என்பது வேறு. குறைந்தபட்சம் அந்தப் பிள்ளை தனியே பொறுப்புச் சொல்ல வேண்டி வராது.

இன்னொன்றும் இருக்கிறது. முதியவர் ஏன் வேண்டாம் என்றார்? சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க நான்கு கடை ஏறி இறங்கும் தலைமுறை அது. எனக்குத் தெரிந்து பலர் இலக்கம் கொடுக்க விரும்புவதில்லை. சிம் அட்டை அடையாள அட்டை இலக்கத்தோடு பதிவானது. அதன்மேல் இன்ன நாள் இன்ன நேரம் இன்ன இடத்தில் இன்ன சாமான் என்று ஒரு பதிவு சேர்கிறது. கொழும்பில் ஒருவருக்கு அது வெறும் வியாபாரத் தகவலாக இருக்கலாம். குடும்பப் படத்தோடு படையினரிடம் பதியச் சொல்லப்பட்ட ஊர் இது. 2011இல் அந்தப் பதிவு விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. பட்டியலில் பெயர் வருவது எங்களுக்கு ஒருபோதும் சாதாரண விடயமாக இருந்ததில்லை. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கவென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. அதன் முக்கிய ஏற்பாடுகள் நடைமுறைக்கு வரவேண்டிய திகதி 2025இல் பின்தள்ளப்பட்டது.

ஆக, கடைக்கும் வாடிக்கையாளருக்கும் இடையில் நடப்பது ஒரு பண்டமாற்று. உன் பெயரைத் தா, கொஞ்சம் குறைத்துத் தருகிறேன். பெயர் தர மறுப்பவர், போன் இல்லாதவர், இலக்கம் நினைவில் நிற்காதவர் முழு விலையையும் கட்டுகிறார்கள். வங்கிக் கடனட்டைக்குக் குறிப்பிட்ட நாட்களில் மரக்கறி விலையைக் குறைக்கிறார்கள் அல்லவா, அதையும் சேர்த்துப் பாருங்கள். மாதச் சம்பளக்காரர் கத்தரிக்காயைக் கழிவு விலையில் வாங்க, நாட்கூலிக்காரர் அதே கத்தரிக்காய்க்கு முழு விலை கொடுக்கிறார். பிரித்தானியாவின் போட்டி மற்றும் சந்தை அதிகாரசபை 2024 நவம்பரில், அட்டைக்காரருக்கு மட்டும் விலை குறைக்கப்பட்ட ஏறத்தாழ 50,000 பொருட்களை ஆராய்ந்து, 92 வீதமானவற்றில் குறைப்பு உண்மையானதே என்றது. அட்டைக்காரருக்கு நல்ல செய்திதான். குறைப்பு உண்மையென்றால் அட்டை இல்லாதவர் கூடுதலாகக் கட்டுவதும் உண்மை.

வாங்கிய அளவுக்கேற்ப மீதம் தரும் எண்ணம் பல்பொருள் அங்காடிகளுடையதும் அல்ல. 1844இல் இங்கிலாந்தின் ரொச்டேலில் தொடங்கிய கூட்டுறவுக் கடை, ஆண்டு இலாபத்தை உறுப்பினர்களுக்கு அவர்கள் வாங்கிய அளவுப்படி பிரித்துக் கொடுத்தது. அந்த வழியில்தான் எங்கள் சங்கக்கடைகளும் வந்தன. யாழ். நகரில் நிற்கும் வீரசிங்கம் மண்டபம் ஒரு கூட்டுறவாளரின் பெயரைத் தாங்கியது. மூளாய்க் கூட்டுறவு வைத்தியசாலை 1936இல் எழுந்தது. சங்கத்தில் ஒருவர் தன் பங்கைக் கேட்காமல் விட்டால் அது சங்கத்துக்குள்ளேயே, அதாவது அயலவர்களுக்குள்ளேயே தங்கும். சங்கக்கடைகளில் நடந்த ஊழலும் வீண்விரயமும் எல்லோருக்கும் தெரியும். அவற்றை மறைக்கத் தேவையில்லை. ஆனால் மிஞ்சியது யாருக்கு என்று கூட்டத்தில் எழுந்து கேட்க உறுப்பினருக்கு உரிமை இருந்தது. 2013இல் ஆஸ்பத்திரி வீதியில் கார்கில்ஸ் சதுக்கம் திறந்த பின் நகரத்தின் வாங்கும் பழக்கம் வேகமாக மாறியது. குளிரூட்டியும் துப்புரவும் குறித்த விலையும் கிடைத்தன. கூட்டத்தில் எழும்பிக் கேட்கும் அந்த உரிமை மட்டும் கூட வரவில்லை.

அன்று என் முறை வந்தபோது நானும் என் இலக்கத்தைச் சொன்னேன்; புள்ளி ஏறியது. முதியவரின் பற்றுச்சீட்டு இன்னும் மேசையில் கிடந்தது. பிள்ளை அதைக் கசக்கிக் காலடியில் இருந்த வாளிக்குள் போட்டார்.