பூஜ்யம் என்றொரு பையன்

ஹாஸ்டலிலிருந்து லீவில் வந்திருந்த பேரன், 'தாத்தா, ஒண்ணு காட்டறேன், பாக்கறீங்களா?' என்றான். 'இந்த வயசுல கார்ட்டூனாடா?' என்றேன். 'கார்ட்டூன் இல்ல, அனிமே' என்று திருத்தினான். கர்நாடகக் கச்சேரியை 'ரெக்கார்ட் டான்ஸ்' என்று சொல்லிவிட்டவனைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை வேறு.

கதை முதலில் மாங்காவாக வந்ததாம். ஊறுகாய் ஞாபகம் வேண்டாம். ஜப்பானில் படக்கதைக்கு அதுதான் பெயர். சிகா உமினோ என்ற பெண்மணி 2007-ல் 'யங் அனிமல்' என்ற பத்திரிகையில் தொடங்கிய தொடர். 2014-ல் தெஸுகா ஒஸாமு கலாச்சார விருது பெற்றது. 2016 அக்டோபரில் என்.ஹெச்.கே. டெலிவிஷனில் அனிமேவாக வந்தது. 2018 மார்ச் வரை இரண்டு தவணைகளில் மொத்தம் 44 பகுதிகள். தயாரித்தது ஷாஃப்ட் ஸ்டூடியோ, டைரக்டர் அகியுகி ஷின்போ. பெயர் 'மார்ச், சிங்கம்போல் வருகிறது'. 'மார்ச் மாதம் சிங்கமாய் வந்து ஆட்டுக்குட்டியாய்ப் போகும்' என்பது இங்கிலீஷ்காரர்களின் வானிலைப் பழமொழி. பழமொழியில் பாதிதான் தலைப்பில் இருக்கிறது. மீதிப் பாதி வருமா என்பதுதான் கதை.

ஹீரோ ரெய் கிரியாமாவுக்கு வயது 17. தொழில், ஷோகி ஆடுவது. இது ஜப்பானியச் செஸ். நம் சதுரங்கத்தின் தூரத்துப் பேரப்பிள்ளை. 81 கட்டம், ஆளுக்கு 20 காய். இரண்டு பக்கத்துக் காய்களுக்கும் ஒரே நிறம்தான். எந்தப் பக்கம் முனை பார்க்கிறதோ அதை வைத்து யார் காய் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொரு விசேஷம், வெட்டுப்பட்ட காய் செத்துப்போவதில்லை. வெட்டியவர் அதைத் தன் கட்சிக்காரனாக மறுபடி பலகையில் இறக்கிவிடலாம். நம்ம ஊர் வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ரெய்யும் அப்படிப்பட்ட ஒரு காய்தான். அப்பா, அம்மா, குட்டித் தங்கை மூவரும் விபத்தில் போய்விட்டார்கள். சாவு வீட்டில் அப்பாவின் ஷோகி நண்பர், 'உனக்கு ஷோகி பிடிக்குமா?' என்று கேட்கிறார். பையன் 'பிடிக்கும்' என்கிறான். பொய். ஆனால் அந்தப் பொய்தான் அவனுக்கு இன்னொரு வீட்டில் இடம் வாங்கிக் கொடுக்கிறது. பொய்யை நிஜமாக்க வெறியோடு ஆடுகிறான். அந்த வீட்டின் சொந்தப் பிள்ளைகளைத் தாண்டிப் போய்விடுகிறான். அவர்கள் ஆட்டத்தையே விட்டுவிடுகிறார்கள். குற்ற உணர்ச்சியோடு வெளியேறி, டோக்கியோவில் ஆற்றங்கரையில் தனியாகக் குடியிருக்கிறான்.

இங்கேதான் படம் வரைகிறவர்களின் வேலை ஆரம்பிக்கிறது. ரெய்யின் அறையில் சாமான் கிடையாது, ஜன்னலுக்குத் திரை கிடையாது. நீலமும் சாம்பலும்தான். அவன் மனசு சரியில்லாதபோதெல்லாம் தண்ணீர் வருகிறது. அவன் மூழ்குகிறான், மூச்சுமுட்டுகிறான், குரல்கள் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல மங்குகின்றன. கறுப்பு வெள்ளைக் காகிதத்தில் உமினோ கோடுகளால் சொன்னதை, அனிமேக்காரர்கள் நிறத்தாலும் சத்தத்தாலும் நேரத்தாலும் சொல்கிறார்கள். முதல் பகுதியில் அவன் எழுந்து, தண்ணீர் குடித்து, நடந்து, ஆடப்போகும்வரை பேச்சே அநேகமாக இல்லை. நான் ரிமோட்டைத் தட்டிப் பார்த்தேன். 'ரிப்பேர் இல்ல தாத்தா' என்றான் பேரன்.

ஒரு பாலத்தைத் தாண்டினால் கவாமோத்தோ குடும்பம். மூன்று சகோதரிகள், பலகாரக் கடை வைத்திருக்கும் தாத்தா, எப்போதும் பசியோடிருக்கும் குண்டுப் பூனைகள். அங்கே காலெடுத்து வைத்ததும் திரையில் மஞ்சளும் ஆரஞ்சும் பொங்குகின்றன. கோடுகள் குழந்தை கலர் பென்சிலால் போட்டதுபோல மெத்தென்று ஆகிவிடுகின்றன. பூனைகள் பேசுகின்றன, சாப்பாட்டைப் பற்றி மட்டும். அவர்களும் அம்மாவைப் பறிகொடுத்தவர்கள்தான். ஆனால் யாரும் ரெய்யிடம் 'உனக்கு என்னப்பா பிரச்னை?' என்று கேட்பதில்லை. இன்னொரு கரண்டி போடுகிறார்கள், அவ்வளவுதான்.

இதில் என்னைக் கவர்ந்தது, தண்ணீருக்கு ஒரே அர்த்தம் வைக்காதது. இரண்டாம் தவணையில், நடு சகோதரி ஹினா, பள்ளியில் வதைபட்ட தோழிக்காகப் பரிந்து பேசி, அதனாலேயே தானும் வதைபடுகிறாள். ராத்திரி ஆற்றங்கரைக்கு ஓடிப்போய் அழுகிறாள். அழுதுகொண்டே, தான் செய்தது தப்பே இல்லை என்கிறாள். அதைக் கேட்ட ரெய்க்கு, சின்ன வயதில் தனியாக நின்ற தன்னையே யாரோ வந்து காப்பாற்றியது போலிருக்கிறது. அவனை முழுகடித்த அதே தண்ணீர்தான் பக்கத்தில் ஓடுகிறது. இப்போது அதில் வெளிச்சம் மிதக்கிறது.

குறையும் சொல்லவேண்டும். தண்ணீரில் மூழ்குவதைக் காட்டிவிட்டு, பின்னணியில் ரெய்யின் குரல் மூழ்குவதைப் பற்றிப் பேசவும் செய்கிறது. பார்க்கிறவனுக்குக் கொஞ்சம் மூளை இருக்கும் என்று நம்பியிருக்கலாம்.

கதைக்கு வெளியே இரண்டு நிஜங்கள். மிடில் ஸ்கூல் வயதிலேயே தொழில்முறை ஆட்டக்காரரான ஐந்தாவது ஆள் என்று ரெய்யைக் கதை சொல்கிறது. உமினோ எழுத ஆரம்பித்தபோது நிஜத்தில் நாலு பேர்தான். அனிமே ஒளிபரப்பாவதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, 2016 அக்டோபர் 1-ல், ஸோதா ஃபுஜி என்ற 14 வயதுப் பையன் நிஜமான ஐந்தாமவன் ஆனான். 2023-ல் எட்டுப் பெரிய பட்டங்களும் அவன் கையில். ஜோசியர்கள் கவனிக்க.

இரண்டாவது விஷயம் அப்படிச் சிரிக்கும்படியானதில்லை. மாங்காவுக்கு ஷோகி ஆலோசகர் மனபு ஸென்ஸாகி, ஒன்பதாம் டான் ஆட்டக்காரர். ரெய் மூழ்கும் கதைக்கு ஆட்டம் அமைத்துக் கொடுத்தவர், 2017-ல் தானே மனச்சோர்வு நோயில் மூழ்கினார். ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். சிகிச்சை எடுத்துக்கொண்டு 2018-ல் ஆட்டத்துக்குத் திரும்பினார். நடந்ததை மறைக்காமல் புத்தகமும் எழுதினார். சோம்பல், திமிர், 'இந்தக் காலத்துப் பசங்க' என்றெல்லாம் நாம் பெயர் வைப்பதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் வேறு.

நாலாவது பகுதி முடிந்ததும், 'இதை ஏண்டா எனக்குக் காட்டினே?' என்று கேட்டேன். 'சும்மாதான்' என்றான். கொஞ்ச நேரம் கழித்து, டி.வி.யைப் பார்த்தபடியே, 'என் ஹாஸ்டல் ரூம்லயும் ஜன்னலுக்கு ஸ்க்ரீன் இல்ல தாத்தா' என்றான்.

கேட்பதற்கு எனக்கு நூறு கேள்வி இருந்தது. கவாமோத்தோ வீட்டு ஞாபகம் வந்தது. அவன் பாட்டியிடம் சொல்லி இன்னும் இரண்டு தோசை போடச் சொன்னேன். மூன்றாவது தோசையில் அவனாகவே பேச ஆரம்பித்தான். ராத்திரி ஒரு மணி வரை பேசினான். அடுத்த வாரம் டாக்டரிடம் நானும் கூடப் போகிறேன். மற்றது எங்களுக்குள் இருக்கட்டும்.

ரெய் என்றால் ஜப்பானிய மொழியில் பூஜ்யம். வீடில்லை, உறவில்லை, பொருத்தமான பெயர்தான் என்று வளர்ப்பு அக்கா முதல் காட்சியிலேயே குத்திக்காட்டுகிறாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, பாவம். நம் பாஷையில் அந்த வார்த்தைக்கு 'வணங்கத் தக்கது' என்றும் ஓர் அர்த்தம் உண்டு.