பொத்தான் மேஸ்திரி ஆகாது

“ஆள், இயந்திர ஒதுக்கீட்டை மென்பொருளே சமன் செய்துவிடும், லெவலிங் பொத்தானை அழுத்தினால் போதும்” என்கிறார்கள். கைக்கணக்கைவிட வேகம், சரி. மற்றது?

1. லெவலிங் ஆளைக் கூட்டாது, வேலையைத் தள்ளிப்போடும். கையிருப்பு அவகாசம் தீர்ந்தால் முடிவுத் தேதியும் நகரும்.

2. எம்.எஸ். புராஜெக்ட் மென்பொருளில் நீங்கள் மாற்றாதவரை எல்லா வேலைக்கும் முன்னுரிமை 500. திருப்பதி அருகே சந்திரகிரியில் ஒரு கட்டடம்: தூணுக்குக் கம்பி கட்டுவதும் 500, மதில் பூச்சும் 500. எது காத்திருக்கலாம் என்று அதற்கு யார் சொன்னது?

3. அதிக மாதம் (கூடுதல் சந்திர மாதம்) வந்த 2023இல் திருமலையில் பிரம்மோற்சவம் செப்டம்பரில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. அதில் கூட்டம் நெரியும் கருட சேவையன்று திருப்பதியைத் தாண்டி ஜல்லி லாரி எப்படி வரும்? காலண்டரில் குறிக்காவிட்டால் மென்பொருளுக்கு அதுவும் வேலைநாள்தான்.

திரையில் பட்டைகள் மட்டமாகிவிட்டன. எத்தனை நாள் போயிற்று என்று பழைய அட்டவணையோடு ஒப்பிட்டீர்களா?